கப்பல்காரன் எழுதிவெச்ச காத்து

இன்னைக்கு எங்க ஊர் ஆழ்வார்திருநகரில இருந்து பேசுறேன்.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? பக்கத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள்ள வந்துடுச்சு. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே மாட்டிக்கிச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் ஆச்சிகிட்ட கேட்டேன், "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?" "எனக்கு வெவரம் தெரிஞ்சு இல்லய்யா"ன்னாங்க.

ஆச்சிக்கு வயசு எண்பது. 'நூறு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற மழை'ன்னு சொல்லணும்னா, அதைவிட நீளமான கணக்கு வேணுமே! யாரைக் கேக்குறது?

பழைய கப்பல்களைக் கேக்கலாம். காத்து எந்தத் திசை, எவ்வளவு பலம்னு லாக்புக்ல தினமும் எழுதுவாங்க. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களோட லாக்புக்குகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துல இருக்கு. 1789-லிருந்து 1834 வரைக்கும் போன சுமார் 900 பயணங்களின் வானிலைக் குறிப்புகளை கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்காங்க.

இதை நம்ம வங்கக் கடல்ல முன்னாடியே செஞ்சவர் ஒருத்தர் உண்டு. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். புயல்ல சிக்கின கப்பல்களோட லாக்புக்குகளை வாங்கி, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தார். ஒரே நேரத்துல ஒரு கப்பல்ல வடக்குக் காத்து, அதுக்குக் கிழக்கே நிக்கிற கப்பல்ல தெற்குக் காத்து. அப்போ காத்து நடுவுல ஒரு புள்ளியைச் சுத்துது! 1848-ல் அவர் வெச்ச பேர்தான் 'சைக்ளோன்'.

ஆர்க்டிக்ல இன்னொரு கதை. 1879-ல் 'ஜானெட்' என்ற அமெரிக்கக் கப்பல் பனியில் சிக்கி, 1881-ல் நொறுங்கி மூழ்கியது. 33 பேரில் 20 பேர் செத்துப்போனாங்க. பனிமேல இழுத்துட்டுப் போன சாமான்கள்ல லாக்புக்கும் இருந்துச்சு. அது பிழைச்சுது. அந்தப் பக்கங்களை 'ஓல்டு வெதர்' திட்டத்துல தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்தே டைப் பண்ணாங்க. அன்னைக்குப் பனி எங்க இருந்துச்சுன்னு இன்னைக்கு ஒப்பிட முடியுது.

லாக்புக் எங்க ஊர் மழையைச் சொல்லாது. மழையைக் கொண்டுவந்த காத்தைச் சொல்லும். மழையை நாமதான் எழுதணும். மொட்டைமாடியில மழைமானி வெச்சிருக்கேன். தினமும் காலைல எட்டரைக்கு அளந்து, தேதி போட்டு நோட்டுல எழுதுறேன். நேத்து 4 மில்லிமீட்டர்.

நீங்களும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.