கட்டை அடுக்கும் விளையாட்டும் கடைமடைத் தண்ணீரும்



விளையாட்டைப் பற்றிப் பேச ஒரு என்ஜினீயரா என்று முன்வரிசையில் சிரிக்கிறீர்கள். இருக்கட்டும், கொஞ்சம் கேளுங்க.

மைன்கிராஃப்ட் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். உலகமே கனசதுரக் கட்டைகள், வெட்டலாம், அடுக்கலாம். ஒரு கட்டை ஒரு மீட்டர். நம்ம பெரிய கோயில் விமானத்தை எழுப்ப ஏறத்தாழ 66 கட்டை உயரம் போதும். 2009-ல் ஸ்வீடனில் பிறந்த இதற்குத் தூண்டுதல், அதே ஆண்டு வந்த இன்ஃபினிமைனர். அதன் மூலநிரல் பின்னர் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. மைன்கிராஃப்டோ கம்பெனிச் சொத்து. 2014-ல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது.

2010-ல் பின்லாந்துக்காரர் பெர்ட்டு அஹோலா மைன்டெஸ்ட் என்று ஒன்றை எழுதத் தொடங்கினார். 2024-ல் அதற்கு லுவாண்டி என்று பெயர் மாறியது. காசு கிடையாது, மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் லுவாண்டி ஓர் ஆட்டமல்ல, ஆட்டங்களை ஓட்டும் எந்திரம். ஆட்டத்தின் விதிகளை லுவா மொழியில் நாமே எழுதலாம்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்பீர்கள். தண்ணீரை வைத்தே சொல்கிறேன். மைன்கிராஃப்டில் இரண்டு வாளித் தண்ணீரைப் பக்குவமாக ஊற்றினால் வற்றாத ஊற்று. எத்தனை வாளி மொண்டாலும் குறையாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று பேப்பர் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கைதானே! அந்த ஊற்றை நிறுத்தும் வசதியைக் கம்பெனி 2022-ல்தான் கொடுத்தது. லுவாண்டியில் தண்ணீர்க் கட்டையின் விவரத்தில் ஒரு வரி எழுதினால் ஊற்று நின்றுவிடும். மேலேயும் போகலாம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீரைப் பிரிக்கலாம். முறை வைத்து மதகு திறக்கலாம். தலைமடையில் அதிகம் எடுத்தால் கடைமடை வயல் காயும்படி விதி வைக்கலாம்.

குறையும் உண்டு. இறக்கியதும் கிடைப்பது வெறும் எந்திரம். ஆட்டத்தைத் தனியே தேடிச் சேர்க்க வேண்டும். மெருகிலும் மைன்கிராஃப்ட் ஒரு படி மேல்தான். மைன்கிராஃப்டிலும் பிள்ளைகள் எத்தனையோ மாற்றங்கள் செய்கிறார்கள். ஆனால் அடிப்படை விதி கம்பெனி கையில்.

தம்பி தங்கைகளே, யாரோ வைத்த விதிக்குக் காத்திருப்பது என்னவென்று கடைமடை விவசாயியைக் கேளுங்கள், சொல்வார். விதியை நாமே எழுதக் கிடைக்கும் இடத்திலும் சும்மா ஆடிவிட்டு எழுந்து போகலாமா? இந்த ஆண்டு நம் டெல்டாவை லுவாண்டியில் கட்டுங்கள். நிரலில் சந்தேகம் வந்தால் முன்னாள் மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம்.