ஒரு மாத்திரை, பல உடல்கள்

நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த நம் தருமபுரி மாவட்டத்தில், மூட்டுவலி என்றவுடன் தண்ணீரின்மீது பழிசுமத்துவது வழக்கம். பல சமயங்களில் அது நியாயமும்கூட. ஆயினும், இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒருசேர வீங்கி, விடியற்காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்குமேல் நீடிக்குமாயின், அது முடக்குவாதமோ என்று சந்தேகிப்பதே விவேகம்.

இந்நோய்க்கு முதலில் அளிக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் என்னும் ஔஷதம், ஒருவருக்கு நல்ல குணத்தையும் மற்றொருவருக்கு வாய்ப்புண்ணையும் குமட்டலையும் தருவதன் காரணத்தை நாடிய புதுச்சேரி ஜிப்மர் ஆராய்ச்சியாளர்கள், ஃபோலேட் சத்தைக் கையாளும் மரபணுக்களின் பேதங்களைத் தமிழ் நோயாளிகளிடமே பரிசோதித்தனர். அயல்நாட்டு முடிவுகளை அப்படியே நமக்குப் பொருத்துவதைவிட இது எவ்வளவோ மேலானது. எனினும், மரபணுவை மட்டும் நோக்கி மருந்தைத் தேர்ந்தெடுக்கும் காலம் இன்னும் வாய்க்கவில்லை. சில மாதங்கள் கொடுத்துப் பார்த்து, இரத்தத்தையும் ஈரலையும் சோதித்து, தேவையானால் மருந்தை மாற்றுவதே இன்றைய முறை.

வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டிய இம்மாத்திரையைத் தினந்தோறும் விழுங்கினால் உயிருக்கே அபாயம். ஆகவே, எந்தக் கிழமை என்பதை மருத்துவரிடமே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.