ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



ஆரோக்கியம் பற்றிப் பத்து நிமிஷம் பேசு என்று செயலாளர் அக்கா சொன்னார்கள். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பத்தாவது வரைக்கும் படித்து வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவள். ஆனாலும் இந்த ஒரு வருஷமா நம்ம குழுக்களில் எல்லாரும் பேசுகிற பேச்சு ஒன்று இருக்கு. "ராத்திரி லேட்டா சாப்பிட்டா உடம்பு வைக்குமாமே? சுகர் வந்துருமாமே?" செல்போனைத் திறந்தால் ஒருத்தர் ஏழு மணிக்கு மேல் சாப்பிடுவதே விஷம் என்கிறார். இன்னொருத்தர் அதெல்லாம் சும்மா என்கிறார். இதில் எது நிஜம் என்று கிராம சுகாதார செவிலியர் அக்காவிடமும், மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக இருக்கும் நம்ம குழு மதினியிடமும் கேட்டு, பேப்பரில் வந்ததையும் படித்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் நம்ம நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுக் கூட்டத்தில் ஒவ்வொருத்தரிடமும் கேட்டேன், "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்று. ஒன்பது மணிக்கு முன்னால் சாப்பிட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் எழுந்திருக்கிற நேரம் என்ன? மல்லிகைச் சீசனில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்னாலேயே தோட்டத்தில் இறங்குகிறோம். மொட்டு விரிவதற்குள் பறித்தால்தான் நிலக்கோட்டை மார்க்கெட்டில் விலை. பத்து மணிக்குச் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிப் போட்டு, பத்தரைக்குப் படுத்து, மூன்றரைக்கு எழுந்தால் தூக்கம் அஞ்சு மணி நேரம். சாப்பிட்டதும் படுப்பதால் நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம். அதற்கு ஒரு சோடா, ஒரு கேஸ் மாத்திரை. இப்படித்தான் ஓடுது.

இப்போ கேள்விக்கு வருகிறேன். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்காம். இது எப்படி ஓடுது என்று கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானிகள் 3 பேருக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் எதை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள் தெரியுமா? பழத்தை மொய்க்கும் பொடி ஈ! நம்ம வீட்டு வாழைத்தாரில் மொய்க்குமே, அந்த மாதிரி ஈ. அந்த ஈக்கு இருப்பது போலவே நமக்கும் பகல் எது ராத்திரி எது என்ற கணக்கு உடம்புக்குள்ளேயே இருக்கு. சாப்பிட்ட சோறு சர்க்கரையாக ரத்தத்தில் சேர்கிறது இல்லையா, அதை உடம்பு எடுத்துக்கொள்ள இன்சுலின் வேண்டும். அந்த இன்சுலின் பகலில் வேலை செய்கிற அளவுக்கு ராத்திரியில் செய்வதில்லை. அதனால் காலையில் நாலு இட்லி தின்றால் ஏறுகிற சர்க்கரையை விட, அதே நாலு இட்லியை ராத்திரி பத்து மணிக்குத் தின்றால் ஏறுவது அதிகம். இறங்கவும் நேரமாகும். சுகர் இல்லாதவர்களுக்கும் இப்படித்தான். இருக்கிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

எடை விஷயமாக, அமெரிக்காவில் பாஸ்டன் என்ற ஊரில் செய்த ஒரு சோதனை 2022-இல் வெளியானது. எடை கூடுதலாக உள்ள 16 பேருக்கு ஒரே சாப்பாட்டை, ஒரே அளவில், ஒரு தடவை நேரத்தோடும், இன்னொரு தடவை சுமார் 4 மணி நேரம் தள்ளியும் கொடுத்தார்கள். தள்ளிச் சாப்பிட்ட போது அவர்களுக்குப் பசி அதிகம் எடுத்தது, உடம்பு செலவழிக்கிற சக்தியும் குறைந்தது. பசி கூடி, செலவு குறைந்தால் மிச்சம் எங்கே போகும்? இடுப்புக்குத்தான். ஆனால் 16 பேரை, அதுவும் கொஞ்ச நாள் மட்டும் பார்த்த சோதனை இது. இதை வைத்துக்கொண்டு 7.59-க்குச் சாப்பிட்டால் ஒல்லி, 8.01-க்குச் சாப்பிட்டால் குண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. எவ்வளவு சாப்பிடுகிறோம், என்ன சாப்பிடுகிறோம் என்பதுதான் முதல் கணக்கு. மணி அதற்கு அடுத்தது.

இதை எங்கள் குழுவில் சொன்னபோது ஒரு அத்தை சரியான கேள்வி கேட்டார்கள். "எங்க காலத்துல ராத்திரிதான்டி உலை வைப்போம். அதுதான் பெரிய சாப்பாடு. அப்ப யாரு உடம்பு வச்சாங்க?" நியாயமான கேள்வி. எங்க அப்பத்தாவும் அப்படித்தான். காட்டு வேலை முடிந்து வந்து, ஒரு வேளைதான் அடுப்பு மூட்டும். ஆனால் விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடித்து, எட்டு மணிக்கெல்லாம் ஊரே அடங்கிவிடும். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அது காலைக்கு. பகல் முழுக்க நடையும் குனிந்து நிமிரும் வேலையும்தான். இப்போ நமக்கு வேலை குறையவில்லை, வேலையோட ரகம் மாறிவிட்டது. பூக் கட்டுகிறோம், உட்கார்ந்துகொண்டே. தையல் மிஷின், உட்கார்ந்துகொண்டே. அரிசி மட்டும் அப்பத்தா காலத்து அளவில் தட்டில் விழுகிறது. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் இருந்த இரண்டு மணி நேரத்தை டிவி சீரியல் எடுத்துக்கொண்டது. (சீரியலை விடுங்க என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வருஷம் என்னை மேடை ஏற்ற மாட்டீர்கள்.)

அடுத்து நம்ம தட்டில் என்ன இருக்கு என்று பார்ப்போம். குழம்பில் கிடந்த முட்டை பிள்ளைக்கு. வறுவல் அவருக்கு. காய் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம். கடைசியாக நாம உட்காரும்போது சோறும் ரசமும் அடிக் குழம்பும்தான். வீணாகப் போகுதே என்று பிள்ளை தட்டில் வைத்துவிட்டுப் போன சோறும் நம்ம தட்டுக்கு வரும். நூறு கிராம் அரிசியிலேயே 350 கலோரி பக்கம் இருக்கு. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேருக்கு எடை அதிகம் என்று வந்தது. அதே ஆய்வில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இரண்டும் ஒரே ஊரில், பல பேருக்கு ஒரே உடம்பில். ஆளைப் பார்த்தால் தடிமன், உள்ளே ரத்தம் இல்லை. கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு நேரம் மட்டும் தள்ளிப் போவதில்லை, சத்தும் தட்டை விட்டுப் போயிடுது. முட்டையை முதலிலேயே எண்ணி எடுத்து வையுங்கள், நமக்கும் ஒன்று சேர்த்து. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீங்க, கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாமல் அது தடுக்கும்.

இன்னொன்று, ராத்திரிப் பசி காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் ஆரம்பித்ததிலிருந்து நம்ம குழு அக்காமார்தான் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறார்கள். பிள்ளைகள் உப்புமாவும் பொங்கலும் சாம்பாரோடு சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனபிறகு, சமைத்த அக்கா வெறும் டீயோடு வீட்டுக்கு வந்து பதினோரு மணிக்குத்தான் வாயில் எதையாவது போடுகிறார். பகலெல்லாம் வயிற்றைக் காயப்போட்டால் ராத்திரி பத்து மணிக்கு மலை மாதிரிப் பசிக்கத்தான் செய்யும்.

இப்போ சொல்லப் போவதை மாத்திரை சாப்பிடுகிற அக்காக்கள் நல்லாக் கேட்டுக்கணும். எங்கள் தெருவில் ஒரு சித்தி. சுகர் மாத்திரையை எட்டு மணிக்கு வழக்கம்போல் விழுங்கிவிட்டார். மகன் வந்தபிறகு சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருந்தார். ஒன்பதரை தாண்டியதும் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறி, அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார். காத்துக் கருப்பு அடிச்சிருச்சு என்று ஒருத்தர் திருநீறு எடுக்க ஓடினார். நல்லவேளை, நம்ம தன்னார்வலர் மதினி பக்கத்து வீடு. சித்திக்கு நினைவு இருக்கு, முழுங்க முடியுது என்று பார்த்துவிட்டு, சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார், அப்புறம் சோறும் சாப்பிட்டார். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையும், இன்சுலின் ஊசியும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாறுமாறாக இறங்கிவிடும். மெட்பார்மினைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போடணும். உங்கள் அட்டையில் இருப்பது எந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மாத்திரை கொண்டுவரும்போதே கேட்டு, டப்பாவில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டால் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீங்க, உடனே 108.

யாருக்காகவும் என்றேன். அங்கேதான் நம்ம எல்லாருக்கும் சிக்கல். எங்க வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறார். வீடு வர ஒன்பதே முக்கால் ஆகும். அவர் சாப்பிடாமல் நாம எப்படிச் சாப்பிடுறது என்பதுதான் நம்ம வழக்கம். போன தைக்கு அவரிடமே கேட்டுவிட்டேன், "நான் பிள்ளைகளோட எட்டு மணிக்குச் சாப்பிட்டுக்கவா?" என்று. அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "சாப்பிடு, நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?" என்றார். அவ்வளவுதான்! பதினாலு வருஷமா யாரும் போடாத சட்டத்துக்கு நான் காவல் இருந்திருக்கிறேன். மாமியார் மட்டும் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூணாவது நாள், "எனக்கும் அப்பவே போட்டுரு ஆத்தா, ராத்திரி நெஞ்சக் கரிக்குது" என்றார். அவருக்கு ஹாட்பாக்ஸில் எடுத்து வைத்துவிடுகிறேன். வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு இருக்கிறேன், தட்டு மட்டும் எனக்கு இல்லை.

எல்லா வீட்டிலும் இது இப்படி லேசாக முடியாது, எனக்குத் தெரியும். குடித்துவிட்டு வந்து "எனக்கு முந்தித் தின்னுட்டியா" என்று தட்டை விட்டெறிகிற வீடும் நம்ம ஊராட்சியில் இருக்கு. அந்தத் தங்கச்சியிடம் போய் ஹாட்பாக்ஸ் வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது சாப்பாட்டு நேரப் பிரச்சினை இல்லை. குழுவில் நாலு பேரிடம் வாய் திறந்து சொல்லணும். பெண்கள் உதவி எண் 181-ஐ எல்லாரும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மில்லுக்குப் போகிற தங்கச்சிகளுக்கு எட்டு மணிக் கணக்கு ஒத்துவராது. ரெண்டாம் ஷிப்ட் முடிந்து வேன் இறக்கிவிடும்போதே பத்தே முக்கால். அவர்கள் சோற்றை டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போய் இடைவேளையிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட வேண்டியதுதான். வீட்டுக்கு வந்தபிறகு பசித்தால் ரெண்டு இட்லியோ ஒரு டம்ளர் பாலோ போதும். பசியோடு படுக்க வேண்டாம். மாசமாக இருக்கிறவர்களும் பால் கொடுக்கிறவர்களும் எந்த நேரம் பசித்தாலும் சாப்பிடணும், அவர்களுக்கு இந்த மணிக் கணக்கே கிடையாது. எடை குறையணும் என்று ராத்திரிச் சாப்பாட்டையே விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ரத்தசோகை இருக்கிற உடம்பில் அந்த வேலை வேண்டாம்.

கடைசியாக, கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. நம்ம குழுக் கூட்டங்கள் பாதிக்கு மேல் ராத்திரி எட்டு மணிக்குத்தான் கூடுது. சேமிப்பு வாங்கி, கடன் தவணை எழுதி, பாஸ் புத்தகம் பார்த்து முடிக்க ஒன்பதரை. அதற்குப் பிறகு போய்த்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறோம். கூட்டத்தைச் சாயங்காலம் அஞ்சரைக்கு மாற்றி, ஏழுக்குள் முடிக்கலாம். மில்லுக்குப் போகிறவர்களுக்காக மாதத்தில் ஒரு கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம். இதைத் தீர்மானப் புத்தகத்தில் இன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன்.

பந்தி போட்டாச்சு என்று அங்கிருந்து கை காட்டுகிறார்கள். சமைத்தவர்களும் முதல் பந்தியிலேயே உட்காருங்க, பரிமாற நாங்கள் இருக்கிறோம்.