வேல் எது? வேம்பு எது?

(மேலநீலிதநல்லூரில் நிகழ்த்திய உரை)



மொழிஞாயிறு பாவாணர் 1902இல் பிறந்தது இந்தச் சங்கரன்கோவில் வட்டாரத்தில். சொல்லின் வேரைத் தோண்டிக் காட்டிய அப் பெருமகனார் மண்ணில் நின்று, ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்துள்ளேன். பல்லுக்கு உறுதி தருவன ஆலும் வேலும் என்றனர் நம் முன்னோர். வேல் என்பது யாது? பலர் வேம்பு என்பர். சிலர் காடெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலைக் காட்டுவர். இரண்டும் பிழை. நம் குளக்கரைகளில் கருத்த பட்டையும் மஞ்சட் பூவும் மணி கோத்தாற்போன்ற நெற்றுமாய் நிற்கும் கருவேலே அது. சீமைக்கருவேலோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இங்குக் கொணரப்பட்டது. பெயர் ஒட்டினால் உறவாகிவிடாது.

ஆலுக்கும் வேலுக்கும் பொதுவானது துவர்ப்பு. அது தளர்ந்த ஈற்றைச் சுருக்கி இறுக்கும். குருதிக் கசிவைக் குறைக்கும். (ஈற்றை ஈழத்தமிழர் முரசு என்பர், நல்ல சொல்.) வேம்பின் கசப்போ நோய்நுண்மங்களை ஒடுக்குவது. வேம்பை நான் குறை கூறவில்லை. ஆயின், ஈறு தளர்ந்தவனுக்கு வேண்டுவது துவர்ப்பு. சொல் மயங்கின் மருந்தும் மயங்கும்.

முள் நீக்கிய பச்சைக் குச்சி, சுண்டுவிரற் பருமனில், சாண் நீளம் போதும். நுனியை மென்று தும்பாக்கி, ஈற்றிலிருந்து பல்லை நோக்கித் தேய்க்க. குறுக்கே அராவினால் ஈறு தேயும். மறுநாளைக்குப் புதுக்குச்சி கொள்க. கருவேலம் பட்டையை இடித்து, நீரிலிட்டு, நான்கில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சிக் கொப்பளிக்கலாம். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை கொல்லையிலேயே உண்டு. நெல்லிக்கனியையும் மறவற்க. 1747இல் பிரித்தானியக் கப்பல் மருத்துவர் சேம்சு இலிண்டு, ஈறு அழுகிய கடலோடிகளைக் கிச்சிலியும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றினார். அப் பழங்களிலுள்ள உயிர்ச்சத்து நம் நெல்லியில் மிகுதி.

கரியும் உப்பும் இட்டுப் பல் துலக்கியோரை நகைத்த வாணிகர், இன்று அவற்றையே பசையிற் கலந்து விற்கின்றனர். அது கிடக்க. பழம்பெருமை பேசும் ஆர்வத்தில் நாமும் பொய் கூறலாகாது. கல்லாய் இறுகிய பற்காரையை எந்தப் பட்டையும் கரைக்காது. பல் மருத்துவரே அகற்றவேண்டும். இரு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ காணின், குறிப்பாகப் புகையிலை மெல்வோர், கொப்பளித்துக்கொண்டே நாள் கடத்தற்க. அது புற்றாகவும் இருக்கலாம்.

மேடையருகே இரு கட்டுக் குச்சிகள் வைத்துள்ளேன். ஒன்று வேம்பு, மற்றொன்று கருவேல். ஆளுக்கு ஒவ்வொன்று எடுத்துக் கடித்துப் பார்த்துச் செல்க.