இரண்டாவது விளக்கு

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



லுணுகலையில் பனிமூட்டம் இறங்கும் மாலைகளில் அப்பா டோர்ச்சோடு பாடசாலை வாசலுக்கு வருவார். என் டோர்ச்சின் ஒளியை அவருடைய ஒளிக்குக் குறுக்கே பாய்ச்சிப் பார்ப்பேன். இரண்டும் தம் பாட்டில் கடந்து போகும். சாதாரண ஒளியின் இயல்பு அது.

ஆனால் ஓர் ஒளி இன்னோர் ஒளியின் போக்கை மாற்றும் இடங்களும் உண்டு. அதைப் படிப்பது நேரிலா ஒளியியல். கண் வைத்தியரான நான் நீரிழிவு நோயாளரின் விழித்திரைக்குப் பாவிக்கும் பச்சை லேசரும் அதன் பிள்ளைதான். கண்ணுக்குத் தெரியாத 1064 நனோமீற்றர் ஒளி, பளிங்கு ஒன்றினுள் 532 நனோமீற்றர் பச்சை ஒளியாகிறது. அதற்குச் செறிந்த ஒளி வேண்டும். குளிர்ந்த அணு மேகத்திலோ மெல்லிய ஒளியே போதும்.

இந்த மேகங்களின் கதை, 1924இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையில் தொடங்குகிறது. 1999இல் லேனெ ஹாவ் என்ற டென்மார்க் பெண் விஞ்ஞானி, அமெரிக்காவில் தம் குழுவோடு சோடியம் அணு மேகமொன்றை மறை 273 பாகை வரை குளிர்வித்தார். அதனுள் அனுப்பும் ஒளியை மேகம் விழுங்கிவிடும். இரண்டாவது லேசர் ஒன்றையும் பாய்ச்சியபோது மேகம் வழிவிட்டது. முதல் ஒளி செக்கனுக்கு 17 மீற்றர் வேகத்தில் கடந்தது. மணிக்கு 61 கிலோமீற்றர். நம் பதுளை பஸ்ஸே முந்திவிடும்!

2001இல் இரண்டாவது லேசரை இடையில் அணைத்தார்கள். ஒளி நின்றது. அதன் பதிவு அணுக்களிலேயே தங்கியது. மீண்டும் லேசரை ஏற்றியதும் நின்ற ஒளி வெளியே வந்தது.

அந்தக் காலத்தில் நான் உயர்தர மாணவி. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. பேராதனையில் படித்த ஓர் அக்கா விடுமுறைதோறும் எங்கள் லயத்து இஸ்தோப்பில் பாடம் சொல்லித் தந்தார். அவர் வராதிருந்தால் நான் மருத்துவபீடம் போயிருக்க மாட்டேன். என்னைவிடக் கெட்டிக்காரியான என் தோழி, அக்கா வருவதற்கு முன்பே கொழுந்துக்கூடை தூக்கிவிட்டாள். அவளிடம் இருந்த ஒளி எங்கும் போகவில்லை. வழிதிறக்க இரண்டாவது விளக்குத்தான் இருக்கவில்லை.

எங்கிருந்தாலும், பழைய மாணவியரே, கிழமைக்கு ஒரு மணித்தியாலம் தாருங்கள். சூமில் ஒரு விஞ்ஞானப் பாடம். வாசல் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன்: சனி மாலை, உயிரியல். பௌதிகவியலுக்கு நேராக இன்னும் வெற்றிடம்.