வீரமங்கைன்னு கைதட்டினா மட்டும் போதுமா?

(சாணார்பட்டி ஒன்றிய இளைஞர் கூட்டத்தில், கழகத் தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலு நாச்சியார் பேரைச் சொன்னா நம்ம மாவட்டத்துல கைதட்டாத ஆள் கிடையாது. 1772ல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த பிறகு, எட்டு வருஷம் நம்ம விருப்பாச்சியில் தங்கிப் படை திரட்டினார். 1780ல் சிவகங்கையை மீட்டார். அதனால பெண்ணால போர்க்களத்துக்குப் போக முடியுமான்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போன பெண்ணோட உடம்பையும் மனசையும் யார் பார்த்துக்கிறாங்க? இன்னைக்கு நான் பேச வந்தது அதைப் பத்தித்தான்.

2020 பிப்ரவரி 17ல் உச்ச நீதிமன்றம் ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுக்கணும்னு தீர்ப்பு சொன்னது. அந்த வழக்கில் ஒன்றிய அரசு வைத்த வாதங்களை ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க. பெண்ணுக்கு உடல்ரீதியான வேறுபாடு இருக்கு, தாய்மை இருக்கு, குடும்பப் பொறுப்பு இருக்குன்னு சொன்னாங்க. அதோட நிறுத்தலை. கிராமத்துல இருந்து வர்ற சிப்பாய்கள் பெண் அதிகாரியின் உத்தரவை ஏத்துக்கிற மனநிலையில் இல்லைன்னும் சொன்னாங்க. கிராமம்னு சொன்னது யாரை? நம்மளைத்தான். ஊராட்சிகளில் பாதி இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கின மாநிலம் நம்ம மாநிலம். ஊராட்சித் தலைவரா ஒரு அம்மா உத்தரவு போட்டா கேட்கிற நமக்கு, ராணுவத்துல ஒரு பெண் கேப்டன் சொன்னா கேட்கத் தெரியாதா? நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

அதுக்கு அப்புறமும் ஒரு சிக்கல் வந்தது. ராணுவத்துல உடல்தகுதிக்கு 'ஷேப்' என்று ஒரு அளவுகோல் உண்டு. ஐந்து எழுத்து. மனநிலை, காது, கை கால், உடல் திறன், கண் பார்வை. எல்லாத்துலயும் முதல் நிலையில் இருந்தா 'ஷேப் ஒன்று'. ஆண் அதிகாரிகளுக்கு இந்தச் சோதனையை 25, 30 வயசுல, நிரந்தரப் பணி கொடுக்கும்போதே முடிச்சுட்டாங்க. பெண்களுக்கு அந்த வயசுல வாய்ப்பே கொடுக்கலை. வழக்கு நடந்து முடிஞ்சு, 40, 50 வயசு ஆன பிறகு கூப்பிட்டு, 25 வயசு உடம்பு இருக்கான்னு பார்த்தாங்க. 2021 மார்ச் 25ல், லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில், இது மறைமுகமான பாகுபாடுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா அதை யாருக்கு எந்த வயசுல பொருத்தினாங்க என்பதில்தான் அநியாயம் இருந்தது.

அந்த ஐந்து எழுத்தில் முதல் எழுத்தே மனசுதான். ஆனா வீட்டை விட்டு ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற ஒரு பொண்ணு "எனக்குத் தூக்கம் வரலை, மனசு சரியில்லை"ன்னு வாயைத் திறந்து சொன்னா, தகுதி நிலை இறங்கிடுமோ, பதவி உயர்வு போயிடுமோன்னு பயம் வரும். அந்தப் பயம் இருக்கிற வரைக்கும் உண்மை வெளியே வராது. சிகிச்சை கேட்கிறது தண்டனை ஆகக்கூடாது.

அடுத்து உடம்பு. மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு 'ஃபெட்டீக்' தெரியும். ஒரு இரும்புக் கம்பி ஒரே அடியில் உடையாது. சின்னச் சின்னச் சுமை திரும்பத் திரும்ப விழுந்தா, ஒரு நாள் பட்டுன்னு போயிடும். எலும்பும் அப்படித்தான். ஆனா எலும்புக்கு ஓய்வும் சாப்பாடும் கொடுத்தா தன்னைத்தானே சரி பண்ணிக்கும், இரும்பு பண்ணாது. பிரிட்டன் ராணுவத்தில் 1998ல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பயிற்சி முறையைக் கொண்டுவந்தாங்க. காயத்தால் வெளியே அனுப்பப்பட்ட பெண்களின் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. பெண் பலவீனம் என்பது இதுக்கு அர்த்தம் இல்லை. ஆணோட காலடி நீளம், ஆணோட முதுகுப்பை, ஆணோட பூட்ஸை அளவா வச்சுப் பயிற்சியை வடிவமைச்சா, உடையப் போறது யார் எலும்பு? சுமையைப் படிப்படியா ஏத்தணும், அளவுக்கு ஏத்த பூட்ஸும் கவசமும் கொடுக்கணும். இதைச் சலுகைன்னு சொல்லாதீங்க, சரியான டிசைன்னு சொல்லுங்க.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். விடிகாலையில் நத்தம் ரோட்டுல ஓடிப் பழகுற தங்கச்சிங்களே, இது உங்களுக்கு. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு ஐந்தின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசு வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது இரண்டு பேரில் ஒருத்தருக்கு மேல். ஓட்டத்துல மூச்சு வாங்குதுன்னா, உங்களுக்குத் திறமை இல்லைன்னு முடிவு கட்டாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தப் பரிசோதனை இலவசம், போய்ப் பாருங்க. பள்ளியில் வாரம் ஒரு தடவை தர்ற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாதீங்க. முருங்கைக்கீரை, கேழ்வரகு, நிலக்கடலை எல்லாம் நம்ம வீட்டுலயே இருக்கு. எடை குறையணும்னு பட்டினி கிடந்துட்டு ஓடினா மாதவிடாய் நின்னு போகும். அது நின்னா எலும்பு பலம் குறையுதுன்னு அர்த்தம். "ஓடுறதால நிக்குது, பரவாயில்லை"ன்னு விட்டுடாதீங்க, டாக்டரைப் பாருங்க. அம்மாமார்களும் இதைக் கூச்சப்படாம பிள்ளைங்ககிட்ட கேளுங்க.

2021 மே மாசம் பெங்களூரில் 61 வாரப் பயிற்சி முடிச்சு ராணுவக் காவல் படையில் முதல்முறையா 83 பெண் சிப்பாய்கள் சேர்ந்தாங்க. பெருமையா இருந்துச்சு. அடுத்த வருஷமே அக்னிபத் வந்தது. இப்ப சிப்பாயா சேர்ற பொண்ணுக்கும் பையனுக்கும் நாலே வருஷம். வருஷத்துக்கு 30 நாள் லீவு. நாலு பேரில் மூணு பேர் வெளியே வரணும். வெளியே வந்தா ஓய்வூதியம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் கிடையாது. பணியில் ஏற்பட்ட ஊனம்னு ஒத்துக்கிட்டாத்தான் அதுக்கு இழப்பீடு. 21 வயசுல மூட்டு வலியோடயோ, ராத்திரி தூக்கம் வராமயோ வீட்டுக்கு வர்ற பிள்ளைக்கு யார் பொறுப்பு? மனக்காயம் பல நேரம் வேலையை விட்டு வந்த பிறகுதான் தலை தூக்கும். அப்ப கையில் காட்டுறதுக்கு ஒரு மருத்துவ அட்டைகூட இருக்காது.

நல்லது நடந்ததையும் சொல்லணும். 2023 நவம்பரில், அதிகாரிகளுக்கு உள்ள மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு விதிகளே பெண் சிப்பாய்களுக்கும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனா நாலு வருஷத்துல வெளியே அனுப்பப்படும் பெண்ணுக்கு அந்த விடுப்பு ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆகவே நம்ம கோரிக்கை மூன்று.

ஒன்று: வெளியே வரும் ஒவ்வொரு அக்னிவீரருக்கும், ஆணோ பெண்ணோ, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் இடம் வேண்டும்.

இரண்டு: சேரும்போது பண்ற மாதிரி, வெளியே வரும்போதும் முழு உடல், மனநலப் பரிசோதனை. அதன் பதிவு அவங்க கையில் இருக்கணும்.

மூன்று: பெண்கள் பயிற்சி பெறும் ஒவ்வொரு மையத்திலும் பெண் மருத்துவர், மனநல ஆலோசகர், பெண் அளவில் தைத்த உபகரணம்.

தோழர்களே, இந்தப் பதிவுக்கு லைக் போட்டுட்டு நகர்ந்துடாதீங்க. உங்க ஊர்ல ராணுவத்துக்கோ போலீசுக்கோ தயாராகுற ஒரு பொண்ணுக்கு இதை அனுப்புங்க. பணியில் இருந்து வந்த ஒரு அக்கா இருந்தா, "எத்தனை பேரைச் சுட்டீங்க"ன்னு கேட்காம, "நல்லா இருக்கீங்களா அக்கா"ன்னு கேளுங்க. மனசு பாரமா இருக்கிற யாருக்கும் 14416 டெலிமானஸ் எண்ணைக் கொடுங்க. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

நாட்டைக் காக்கப் போற பொண்ணைக் காக்கிற கடமை நாட்டுக்கு இருக்கு. அதைக் கேட்டு வாங்குற கடமை நமக்கு இருக்கு.



#பெண்சிப்பாய்நலம் #அக்னிவீரருக்கும்மருத்துவம் #சாணார்பட்டி