விரலில் மாட்டிய கிளிப் சொல்லாதது



2025 ஜனவரியில் புனே நகரின் சிங்ககட் சாலையை ஒட்டிய பகுதிகளில் பலருக்குக் கால் மரத்துப்போனது. இரண்டொரு நாளில் படி ஏற முடியவில்லை, பிறகு எழுந்து நிற்கவே முடியவில்லை. சில வாரங்களில் நோயாளிகளின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. செய்திகளில் ஜி.பி.எஸ். என்று கேட்டிருப்பீர்கள்: கில்லன் பாரே நோய். பலருக்கு அதற்குச் சற்று முன்புதான் வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. சந்தேகம் குடிநீர்மேல் விழுந்தது. புனேயிலேயே இருக்கும் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் மல மாதிரிகளைச் சோதித்தது. சிலவற்றில் கேம்பிலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியா இருந்தது.

வயிற்றுக்கு வந்தது காலுக்கு எப்படிப் போனது? இதற்கு விடை சொல்லும் பேத்தோஃபிசியாலஜி என்ற பாடத்தை நர்சிங் மாணவிகள் படிக்கிறார்கள். நோய் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதுதான் அந்தப் பாடம். மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாடம் நடத்தப்படும் விதம் அப்படி.

அந்தப் பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள சில சர்க்கரை மூலக்கூறுகள் நம் நரம்பில் உள்ளவற்றைப் போலவே இருக்கும். கிருமியை ஒழிக்க உடல் தயாரிக்கும் ஆன்டிபாடிகள் சிலருக்கு நரம்பையும் தாக்கிவிடுகின்றன. அவை உருவாக நாள் பிடிக்கும். அதனால்தான் பேதி நின்று, ஆள் தேறிவிட்டார் என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும்போது கால் தளர்கிறது.

தளர்ச்சி பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும். ஆனால் உயிருக்கு ஆபத்து காலில் இல்லை. மூச்சை இயக்கும் உதரவிதானத்துக்கு நரம்பு கழுத்திலிருந்து வருகிறது. அது தளர்ந்தால் நெஞ்சுக்குள் காற்று போதிய அளவு போய்வராது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 97 காட்டும். எல்லாம் சரி என்று தோன்றும். ஆக்சிஜன் குழாய் வைத்திருந்தால் அந்த எண் இன்னும் வெகுநேரம் நன்றாகவே இருக்கும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போவதை அது சொல்லாது. 1952-இல் கோபன்ஹேகனில் மூச்சுத்தசையையும் தளர்த்தும் போலியோ பரவியபோது மருத்துவர்களே இதில் தடுமாறினார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர்தான் காரணத்தைக் கண்டு சொன்னார். வென்டிலேட்டர் போதாத அந்த ஊரில் மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்துக் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள்.

எனவே காரணம் தெரிந்த சிஸ்டர் வேறு இடத்தில் பார்ப்பார். "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க" என்பார். கழுத்துத் தசை தளர்ந்தால் உதரவிதானமும் தளர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். புனே வார்டில் அது "ஏக், தோன், தீன்". நல்ல உடல்நிலையில் உள்ளவர் 50 வரைகூடப் போவார். காலையில் 35 வரை எண்ணியவர் மாலையில் 20-ஐ எட்டவில்லை என்றால், ஆக்சிமீட்டர் என்ன காட்டினாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான். தண்ணீர் குடிக்கையில் புரை ஏறுகிறதா என்றும் பார்ப்பார். வென்டிலேட்டரில் இருப்பவருக்குச் சளி உறிஞ்சும்போது மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். இந்த நோயில் இதயத்துடிப்பை ஆளும் நரம்புகளும் கெடலாம். உறிஞ்சும்போது துடிப்பு சட்டென்று இறங்கிவிடலாம்.

சிகிச்சைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியோ பிளாஸ்மா மாற்றமோ உண்டு. ஸ்டீராய்டு பலன் தருவதில்லை. பெரும்பாலோர் மீண்டும் நடக்கிறார்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

இன்னொன்று. இந்த நோய் தாக்குவது மூளையை அல்ல. கை கால் அசையாமல், பேச்சில்லாமல் கிடப்பவருக்கு எல்லாம் கேட்கும், வலியும் தெரியும். கட்டிலருகே நின்று அவரைப் பற்றிப் பேசாமல் அவரிடமே பேச வேண்டும். முகத்தசையும் தளர்ந்து கண் மூட முடியாதவருக்குச் சொட்டு மருந்து விட்டு, இமையை மூடி மெல்லிய டேப் ஒட்டி வைப்பது இரவு டியூட்டி சிஸ்டரின் வேலை. எதற்காக ஒட்டுகிறோம் என்பதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டு ஒட்டட்டும்.